கிதார் ஸ்ட்ராப் கழன்று விழாமல் இருக்க: எந்த ஸ்ட்ராப், எந்த லாக், பட்டன் ஆடினால் என்ன செய்வது?

புதுவிரல் #1

எல்லாருக்கும் வணக்கம். கையில ரெண்டு கிதார் இருக்கு. ஒண்ணு ஸ்ட்ராட் (ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக், பாஸ்வுட் உடம்பு, எடை 3.4 கிலோ. மேல் கொம்புல (உடம்புல கழுத்துப் பக்கமா நீட்டிட்டு நிக்கிற முனை) இருக்கிற பட்டன், அதாவது ஸ்ட்ராப் மாட்டுற குமிழ், லேசா ஆடுது, ஸ்ட்ராப்பும் அந்தப் பக்கம்தான் அடிக்கடி கழலுது. இன்னொண்ணு பிக்கப் வச்ச அக்கூஸ்டிக். அடியில பட்டனுக்குப் பதிலா கேபிள் செருகுற ஜாக் இருக்கு, ஸ்ட்ராப் துளை அதுமேல ஏறவே மாட்டேங்குது. கழுத்துப் பக்கம் பட்டனே கிடையாது.

லாக் வாங்கிப் போட்டா ரெண்டும் சரியாகுமா? எந்த லாக்? ஸ்ட்ராப் தோலா, நைலானா?

தச்சன்பட்டறை #2

லாக் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. லாக் ஸ்ட்ராப்பைப் பட்டனோடு பிணைக்கும். பட்டனை மரத்தோடு பிணைப்பது ஸ்க்ரூ மட்டும்தான். உங்கள் பட்டன் ஆடுகிறது என்றால் சிக்கல் மரத்தில் இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எவ்வளவு விலையுள்ள லாக் மாட்டினாலும், ஸ்க்ரூ ஒருநாள் பட்டனோடு உருவிக்கொண்டு வரும்.

முதல் சோதனை: ஸ்க்ரூடிரைவரை வைத்து விரல் பலத்தில் மட்டும் வலப்பக்கம் திருகுங்கள். கால் சுற்றில் இறுகி நின்றால் வெறும் தளர்வு, அதோடு முடிந்தது. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரத்தில் மரை அழிந்துவிட்டது.

ஏன் அழிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராட் வகை உடம்பில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடும். மேல் கொம்பின் நுனியிலும் அடிப்பக்கத்திலும் ஸ்க்ரூ இறங்குவது நார் முடியும் முகப்பில். நாருக்குக் குறுக்கே இறங்கும் ஸ்க்ரூவுக்கு உள்ள பிடி அங்கே கிடைக்காது. போதாததற்கு பாஸ்வுட் மென்மையான மரம். வழக்கமாக வரும் 6 நம்பர், 1 அங்குல ஸ்க்ரூ அதில் தன் முழுப் பலத்துக்கு நிற்பதே அபூர்வம். தளர்ந்த ஸ்க்ரூவோடு வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு அசைவிலும் அது நெம்பி நெம்பித் துளையின் வாயை அகலமாக்குகிறது. ஆகவே ஆட்டம் தெரிந்த நாளே கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஏழாம்பிரெட் #3

பல்குச்சி ரெண்டு, ஃபெவிகால் ஒரு சொட்டு, துளைக்குள்ள திணிச்சு ஸ்க்ரூவை முறுக்குங்க. பத்து நிமிஷ வேலை.

தச்சன்பட்டறை #4

பல்குச்சியைத் தப்பு என்று சொல்லமாட்டேன். மரை பாதி அழிந்த துளைக்கு அது போதும். மூங்கில் குச்சியாக இருந்தால் பாஸ்வுட்டை விடக் கடினமாகவே இருக்கும். ஆனால் ஒரு திருத்தம்: பசை காயும் முன்பே ஸ்க்ரூவை முறுக்கினால், பசை வெறும் வழுக்குநீராக இருந்து குச்சிகளை அடியில் தள்ளிவிடும். குச்சிகளை வைத்து, வெளியே நீட்டியதை வெட்டி, ஒரு முழு நாள் காயவிட்டு, அதன் பிறகு துளை போட்டு ஸ்க்ரூவை இறக்குங்கள்.

ஸ்க்ரூ விரலாலேயே உருவிக்கொண்டு வரும் நிலை என்றால் டவல் (dowel, உருளை மரக்குச்சி) போடுவதுதான் நிரந்தர வழி. தச்சுச் சாமான் கடைகளில் பர்னிச்சர் வேலைக்காக வரியோடிய பீச் மர டவல் 6, 8 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். இந்த வேலைக்கு 8 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், பட்டனின் அடிப்பாகம் அதை மூடிவிடும். அதற்கு முன் உங்கள் பட்டனின் அடி அகலத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள், 11 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் 6 மி.மீ. டவலே போதும்.

பழைய துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டிரில் பிட்டில் 30 மி.மீ. ஆழத்தில் இன்னொரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் எல்லை. முதல் சில சுற்று டிரில்லைப் பின்பக்கமாக ஓடவிட்டால் மேல்பூச்சை அது சுரண்டி வட்டமாக வெட்டும், பெயர்க்காது. நேராக முன்பக்கம் ஓடவிட்டால் பூச்சு சில்லுசில்லாகப் பெயரும். பாலியெஸ்டர் பூச்சில் அப்படிப் பெயர்ந்த சில்லை மறைப்பது பெரிய வேலை. பிறகு முன்பக்கம் ஓட்டி 30 மி.மீ. இறக்குங்கள். கொம்பு குறுகலான இடம். டிரில் சாய்ந்தால் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும், எனவே இன்னொருவரைப் பக்கத்தில் நின்று கோணம் பார்க்கச் சொல்லுங்கள்.

மரப்பசையைத் துளையின் சுவரில் தடவி டவலை மெதுவாகத் தட்டி இறக்குங்கள். டவலில் உள்ள வரிகள் வழியாக மிச்சப் பசை வெளியேறும். வரி இல்லாத வழுவழுப்பான டவல் என்றால் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடியில் சிக்கிய பசை அழுத்தம் கொடுத்து மென்மரத்தை வெடிக்க வைக்கும். 24 மணி நேரம் கழித்து உளியால் சமமாகச் சீவி, நடுவில் புதிய துளை போடுங்கள்.

துளை அளவு: 6 நம்பர் ஸ்க்ரூவின் வெளி விட்டம் 3.5 மி.மீ., அதற்கு 2.5 மி.மீ. பிட். 8 நம்பர் என்றால் 4.2 மி.மீ., அதற்குக் கடின மரத்தில் 3 மி.மீ. பிட். துளை சிறிதாகப் போனால் ஸ்க்ரூவின் கழுத்து முறியும், இல்லாவிட்டால் கொம்பு பிளக்கும். ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டு இறக்குங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

டவலின் நாரும் நீளவாக்கில்தான் ஓடுகிறது என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான், குறுக்கு நாரில் வெட்டிய கட்டை இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பீச் மரம் பாஸ்வுட்டை விடப் பல மடங்கு கடினம், அந்த வித்தியாசமே நமக்குப் போதும்.

ஏழாம்பிரெட் #5

ஃபெவிக்விக் ஊத்தி மரையைக் கெட்டிப்படுத்தலாம்னு சொல்றாங்களே?

தச்சன்பட்டறை #6

நீர்மாதிரி ஓடும் வகை மென்மரத்துக்குள் ஊறிக் கெட்டியாக்கும், அது வேலை செய்யும் முறைதான். பயம் வேறு இடத்தில். ஒரு சொட்டு மேல்பூச்சில் வழிந்தால் கறை நிற்கும். அதை அழிக்க அசிட்டோன் எடுத்தால் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சு கறையோடு சேர்ந்து கரைந்து போகும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் மரப்பசையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேடைக்கம்பி #7

மரம் கெட்டியானதுக்கு அப்புறம் ஸ்ட்ராப் ஏன் கழலுதுன்னு பார்க்கணும். பலபேர் நினைக்கிறது, கிதாரோட எடை இழுத்துத்தான் ஸ்ட்ராப் கழலுதுன்னு. உண்மையில எடை இழுக்கிறப்போ ஸ்ட்ராப் பட்டனோட கழுத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். கழலுறது தொய்யிற நேரத்துல. உட்காரும்போது, கிதாரை ஸ்டாண்டுல வைக்கும்போது, தோள்ல இருந்து ஒரு கையால தூக்கிப் பிடிக்கும்போது ஸ்ட்ராப் தளருது, தோல் நுனி கொம்புமேல புரண்டு மடங்குது, ஸ்ட்ராப் துளையை ஒட்டி இருக்கிற பிளவு பட்டனோட தலைக்கு நேரா வந்து நிக்குது. பாதி வெளியே வந்ததை யாரும் கவனிக்கிறதில்ல. திரும்ப எழுந்து நிக்கிறப்போ மீதிப் பாதியும் வந்துடும்.

இதைத் தடுக்க ரொம்ப மலிவான வழி, பட்டன் தலைக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு ரப்பர் வாஷர். க்ரோல்ஷ் பீர் பாட்டிலோட மூடியில வர்ற சிவப்பு ரப்பரை உலகம் முழுக்க கிதார்க்காரங்க பயன்படுத்தினாங்க. அதே மாதிரி ஃபென்டர் தனியா 'ஸ்ட்ராப் பிளாக்'னு விக்குது. பிளம்பிங் கடையில குழாய்க்குப் போடுற ரப்பர் வாஷர் எடுத்தாலும் சரி. நடுத்துளை பட்டன் தலையை விடச் சின்னதா இருக்கணும், கொஞ்சம் இழுத்தாத்தான் தலைமேல ஏறணும். தடிமன் 3 மி.மீ. கிட்ட. முதல்ல ஸ்ட்ராப்பை மாட்டிட்டு அதுக்கு மேல வாஷரை அழுத்துங்க. சும்மா கைல எடுக்க வந்தா அளவு பெருசு.

ரப்பர் வெடிப்பு விட்டதும் மாத்திடணும். விரலால மடிச்சுப் பாருங்க, மடிப்புல கோடு தெரிஞ்சா அதோட ஆயுள் முடிஞ்சுது.

புதுவிரல் #8

அப்ப லாக்கே வேண்டாமா அண்ணா? மேடையில கிதார் மாத்தி மாத்தி வாசிக்கணும், ஒவ்வொரு தடவையும் வாஷரைக் கழட்டி மாட்டுறது கஷ்டமா இருக்குமே.

மேடைக்கம்பி #9

ஒரே ஸ்ட்ராப்பை ரெண்டு மூணு கிதாருக்கு மாத்துறவங்களுக்கு லாக்தான் சரி. நான் ஷாலர் கம்பெனி லாக் பக்கம். காரணம் அதோட வடிவம். ஸ்ட்ராப்புல மாட்டுற பாகம் குதிரை லாடம் மாதிரி இருக்கும், அது பட்டனோட கழுத்துல உட்காரும். நடுவுல இருக்கிற ஸ்பிரிங் பின் சரியா விழலைன்னாக்கூட, லாடத்தோட மூடின பக்கம் பட்டன்ல தொங்கிட்டு எடையைத் தாங்கும். ஆனா அப்படித் தாங்கணும்னா லாடம் சரியான திசையில மாட்டியிருக்கணும். ஸ்ட்ராப் எந்தப் பக்கம் இழுக்குதோ, அந்த இழுப்புல மூடின பக்கம் பட்டன்மேல அழுந்தணும். தலைகீழா மாட்டிட்டா பின் ஒண்ணுதான் காவல்.

பழைய மாடல்ல இருந்த குறை ஊரறிஞ்சது. ஸ்ட்ராப்பை இறுக்கிப் பிடிக்கிற அறுகோண நட்டு அதிர்வுல தளர்ந்து, லாக் பட்டன்லயே நின்னுடும், ஸ்ட்ராப் மட்டும் கழன்டு வரும். நீல நிற திரெட்லாக்கர் ஒரு சொட்டு மரையில விட்டு நட்டை இறுக்குனா நிக்கும். சிவப்பு போடாதீங்க, அதைக் கழட்ட சூடு காட்டணும், அதுக்குள்ள தோல் கருகிடும். இப்ப வர்ற எஸ்-லாக்ல நட்டுக்குப் பதிலா சக்கரமும் அதைப் பூட்ட ஒரு குட்டி ஆலன் ஸ்க்ரூவும் இருக்கு. அந்தக் குட்டி ஸ்க்ரூவை இறுக்க மறந்துட்டா பழைய கதைதான்.

வாசிக்கும்போது கீச்சுன்னு சத்தம் வந்தா லாடத்தோட உள்பக்கம் துளி வாஸ்லைன்.

தாழ்சுருதி #10

பேஸ் வாசிக்கிறவங்க சார்பா டன்லப் ஸ்ட்ராப்லாக்குக்கும் ஒரு வார்த்தை. நடுவில் பொத்தானை அழுத்தினால் உருளைக் குண்டுகள் உள்ளே போகும், விட்டால் பட்டனுக்குள்ளே விரிந்து பூட்டிக்கொள்ளும். எந்தத் திசையில் ஸ்ட்ராப் திரும்பினாலும் பிடிமானம் ஒன்றே, லாடத் திசை பார்க்கும் வேலை கிடையாது. இரட்டைப் பயன் மாடலில் பட்டனுக்கு விளிம்பு இருப்பதால், லாக் ஸ்ட்ராப்பை மறந்துவிட்டு வந்தால் சாதாரண ஸ்ட்ராப்பையும் மாட்டலாம்.

இதற்கும் பலவீனம் உண்டு. முதலாவது பாதிப் பூட்டு. அழுத்தி வைத்து விட்டபின் கட்டாயம் ஒரு தடவை வெளிப்பக்கம் வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். வியர்வை உப்பும் தூசியும் சேர்ந்து குண்டுகள் முழுதாக விரியாமல் நின்றால், மாட்டிய மாதிரியே இருக்கும், பத்து நிமிடத்தில் கழலும். இரண்டாவது, ஸ்ட்ராப்பின் பின்புறம் வரும் சி வடிவ வளையம். தோல் நுனி தடிமனாக இருந்தால் வளையம் தன் பள்ளத்தில் முழுதாக உட்காராது. குறட்டால் அமுக்கி எப்படியோ மாட்டிவிடலாம், ஆனால் அது தெறித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் தோலின் உள்பக்கத்தைச் சீவி மெலிதாக்கிவிட்டு மாட்டுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: ஷாலர் பட்டனில் டன்லப் லாக் சேராது, டன்லப்பில் ஷாலரும் சேராது. பெயரில்லாத நகல்களும் அப்படித்தான். பார்க்க ஷாலர் போலவே இருக்கும், ஆனால் அரை மி.மீ. வித்தியாசத்தில் பின் முழுதாக விழாது. இரண்டு மூன்று கிதார் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனியின் பட்டன்.

மரக்குடம் #11

அக்கூஸ்டிக் பற்றி யாரும் பேசவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடியில் இருக்கும் ஜாக் ஏறக்குறைய 12 மி.மீ. விட்டம். ஸ்ட்ராப் துளை சாதாரண பட்டனுக்காக 10 மி.மீ. அளவில் குத்தப்பட்டது. பலவந்தமாக ஏற்றினால் ஏறும், ஆனால் தோல் பிளவின் நுனியில் கிழியத் தொடங்கும். ஏறிய பிறகும் பிரச்சினை தீராது. ஜாக்கின் வெளிமுனையில் பட்டனுக்கு இருப்பது போன்ற அகன்ற தலை கிடையாது, ஆகவே ஏறியது அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். கேபிள் செருகியிருக்கும்போது பிளக்கின் உடம்பு தடுத்து நிற்கும். அதை நம்பிப் பழகியவர்கள் கேபிளை உருவிய நொடியில் ஸ்ட்ராப்பும் வந்துவிடுகிறது.

மியூசிக் நோமாட் நிறுவனத்தின் அக்கூஸ்டி-லாக் என்ற சிறு அடாப்டர் ஜாக்கின் வெளிமரையில் திருகி நிற்கும், லாக்கின் வேலையைப் பார்க்கும். ஜாக்கின் மரை அங்குல வகையா மெட்ரிக் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி மாடல். அது வேண்டாம் என்றால் செருப்பு தைப்பவரிடம் துளையை 12 மி.மீ. பஞ்ச் (துளை குத்தும் கருவி) கொண்டு பெரிதாக்கி, மேலே இறுக்கமான ரப்பர் வாஷர் போடலாம்.

ஸ்ட்ராப் மாட்டும்போது ஜாக்கே சுழல்கிறதா என்றும் பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவை பிளக் செருகும்போதும் ஜாக் திரும்பி, உள்ளே இருக்கும் வயரை முறுக்கி, கடைசியில் சால்டர் விட்டுப்போகும். நிறைய ஜாக்குகளின் வெளித்தண்டில் ஒரு குறுக்குத் துளை இருக்கும். அதில் மெல்லிய ஆலன் கீயையோ ஆணியையோ செருகி ஜாக்கைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

கழுத்துப் பக்கத்துக்கு இரண்டு வழி. துளை போட மனமில்லை என்றால் கயிறு. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் நட்டுக்கு (ஜாக்கை இறுக்கும் நட்டு அல்ல) மேலே, ஹெட்ஸ்டாக்கில், கம்பிகளுக்கு அடியில் கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டுங்கள், டியூனிங் கட்டைகளில் மாட்டக்கூடாது. இதில் ஸ்ட்ராப் இடது கைக்குப் பக்கத்திலேயே போகும், எடையும் கழுத்தை இழுக்கும். மெல்லிய கழுத்துள்ள கிதாரில் உடம்பை அசைத்தால் சுருதி ஆடுவது காதுக்கே தெரியும்.

இரண்டாவது வழி கழுத்தின் குதிங்காலில், அதாவது ஹீலில், பட்டன் வைப்பது. பெரும்பாலும் மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கத்தில், ஹீலின் தடித்த பகுதியில் வைப்பார்கள். பின்பக்கத் தொப்பியில் (ஹீலின் முனையை மூடும் தகடு) வைத்தால் கிதாரின் முகம் முன்னால் கவிழப் பார்க்கும். கட்-அவே மாடலில் (கழுத்தை ஒட்டி உடம்பு வளைத்து வெட்டப்பட்டது) மட்டும் மெல்லிய கம்பிப் பக்கம் வைத்தால் மேல் பிரெட்டுக்குப் போகும் கையில் இடிக்கும். அங்கே தொப்பியை ஒட்டிய இடம் பரவாயில்லை.

புதுவிரல் #12

ஹீல்ல துளை போட பயமா இருக்கு. உள்ள போல்ட் இருந்தா?

மரக்குடம் #13

அந்தப் பயம் நியாயமானது. மார்ட்டின் பாணி டவ்டெயில் (புறாவால் வடிவ) பொருத்தில் ஹீல் கெட்டி மரம். போல்ட் வைத்த கழுத்துகளில் ஹீலுக்குள் உலோக இன்சர்ட் இருக்கும், டிரில் அதில் மோதினால் பிட் உடையும், இல்லாவிட்டால் திசை மாறும். கம்பிகளைத் தளர்த்தி, சவுண்ட்ஹோல் வழியாக டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் விட்டுக் கழுத்துக் கட்டையைப் பாருங்கள். போல்ட் தலை தெரிந்தால் பின்தகட்டிலிருந்து அது எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, வெளியே ஹீலில் அதே உயரத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டனை அந்தக் கோட்டிலிருந்து நன்றாக விலக்கி வையுங்கள். ஹீலின் எந்த விளிம்புக்கும் 12 மி.மீ.க்குக் குறையாமல் உள்ளே இருக்கட்டும்.

கிதார் வாரண்டியில் இருந்தால், துளை போடும் முன் விற்றவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தோல்வார் #14

ஸ்ட்ராப் எதுன்னு கேட்டிருந்தீங்க. அகலம் முதல்ல. 3.5 கிலோ வரைக்கும் 5 செ.மீ. போதும். லெஸ் பால், பேஸ்னு 4 கிலோவைத் தாண்டினா 7 செ.மீ.க்கு மேல போங்க, தோள்ல எடை பரவும்.

நைலான், பாலிப்ரோ ஸ்ட்ராப் மலிவு, எடை கிடையாது, துவைக்கலாம். எர்னி பால் பாலிப்ரோ மாதிரி 5 செ.மீ. ஸ்ட்ராப் பழகுறவங்களுக்குத் தாராளமா போதும். அதுல பார்க்க வேண்டியது ரெண்டு இடம். ஒண்ணு, நீளம் மாத்துற பக்கிள். பாலிப்ரொப்பிலீன் வழுக்கும் நூல், பக்கிள்ல மெல்ல மெல்ல வழுக்கி கிதார் கீழே இறங்கும். நீளம் சரியானதும் மீதி நுனியைத் திரும்பவும் ஒரு தடவை பக்கிளுக்குள்ள விட்டு மடிச்சுடுங்க, இல்ல நாலு தையல் போட்டுடுங்க. ரெண்டாவது, நாடாவும் தோல் நுனியும் சேர்ற தையல். சதுரம் போட்டு நடுவுல பெருக்கல் குறி தையல் இருக்கணும். ஒரே ஒரு கோடு தையல்னா அந்த ஸ்ட்ராப்பை வச்சுட்டு வந்துடுங்க. பருத்தி நூல் வியர்வையில இத்துப்போகும், பாலியெஸ்டர் நூலான்னு கேளுங்க.

'தோல் மாதிரி' ஸ்ட்ராப்னு வர்ற பியூ (PU, பாலியூரித்தேன்) ரகம் நம்ம வெக்கைக்கும் ஈரப்பதத்துக்கும் நிக்காது. பெட்டிக்குள்ள சும்மா கிடந்தாலே பிசுபிசுத்து, செதில் செதிலா உரியும். உரியிறது மேல்தோலு, கிழியிறது நுனி. நுனியில அசல் தோல் இல்லாத ஸ்ட்ராப்பை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அசல் தோல்னா நுனியைக் கைல எடுத்துப் பாருங்க. 2.5 முதல் 3 மி.மீ. தடிமன். மரப்பட்டை பதனிட்ட தோல் விறைப்பா நிக்கும், துளை வாயைத் திறக்காது. நம்ம பக்கம் ஆவாரம்பட்டையில பதனிட்ட தோலுக்கு அந்தக் காலத்துலேயே பேர் இருந்துச்சு. குரோம்ல பதனிட்ட மெத்து மெத்துத் தோல் தோளுக்கு சுகம், நுனிக்கு ஆகாது. சென்னையில பெரியமேடு கடைகள்ல தோலைத் துண்டா வாங்கி நுனியை மட்டும் மாத்தித் தைக்கலாம்.

அப்படித் தைக்கிறவங்களுக்கு அளவு: துளை 10 மி.மீ. பஞ்ச். துளையோட நடுவுல இருந்து நுனி விளிம்பு வரைக்கும் 25 மி.மீ. விடுங்க. பிளவு 10 மி.மீ. நீளம், அது ஸ்ட்ராப்போட நடுப்பக்கம் பார்த்துப் போகணும். கிதார் தொங்குறப்போ பட்டன் அழுத்துறது துளையோட நுனிப்பக்க விளிம்பை. பிளவை அந்தப் பக்கம் போட்டா எடை நேரா பிளவுல ஏறிக் கிழிக்கும். பிளவு முடியிற இடத்துல 2 மி.மீ. சின்ன துளை ஒண்ணு குத்துங்க, கிழிசல் அதுல நின்னுடும். தையல் மெழுகு நூல்ல, ரெண்டு ஊசி வச்சு எதிரெதிரா. ஒரு நூல் அறுந்தாலும் மறுநூல் பிடிச்சு நிக்கும். மெஷின் தையல் ஒரு இடத்துல விட்டா வரிசையா பிரியும்.

மழைக்காலத்துல தோல் பூஞ்சை பிடிக்கும். வாசிச்சு முடிச்சதும் ஸ்ட்ராப்பை நிழல்ல காயவிட்டுட்டு அப்புறம் பெட்டியில வைங்க. தேங்காயெண்ணெய் தடவாதீங்க, நுனி இளகி துளை பெருசாகும்.

தாழ்சுருதி #15

தோல்வார் சொன்னதோடு ஒன்று. கழுத்து கீழே சாயும் கிதார்களுக்கு, எஸ்ஜி, தண்டர்பேர்ட் பேஸ் மாதிரி, ஸ்ட்ராப்பின் உள்பக்கம் சொரசொரப்பான சுவேட் இருக்கட்டும். சட்டையில் பிடித்து நிற்கும், இடது கை கழுத்தைத் தாங்க வேண்டியதில்லை. வழுவழுப்பான நைலான் அங்கே உதவவே உதவாது. நியோப்ரீன் ஸ்ட்ராப் எடையைக் குறைத்த மாதிரி உணரவைக்கும், ஆனால் அது எம்பி எம்பி ஆடுமே தவிர கழுத்துச் சாய்வை நிறுத்தாது. கழுத்துச் சாய்வு அப்படியும் போகவில்லை என்றால் எடை குறைந்த டியூனிங் கட்டைகள் ஒரு வழி.

தச்சன்பட்டறை #16

ரெக்சின் (வினைல்), ரப்பர் இரண்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கிப்சனின் அமெரிக்கத் தயாரிப்புகள் போல நைட்ரோ பூச்சுள்ள கிதாரில், வினைல் ஸ்ட்ராப்பைப் பெட்டிக்குள் உடம்பின் மேல் படிந்தபடி விடாதீர்கள். வினைலை வளைய வைக்கும் வேதிப்பொருள் பூச்சுக்குள் இறங்கி அதை இளக வைக்கும், ஸ்ட்ராப் கிடந்த தடம் அப்படியே பதிந்துவிடும். ரப்பர் வாஷரும் பூச்சைத் தொடாமல் தோலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பட்டனுக்கும் மரத்துக்கும் நடுவே போடுவது ஃபெல்ட் வாஷர்.

மேடைக்கம்பி #17

நீளம் வைக்கிறதுக்கு: உட்கார்ந்து வாசிக்கிறப்போ கிதார் எங்க நிக்குதோ அங்கேயே நின்னு வாசிக்கிறப்பவும் நிக்கணும். உட்கார்ந்தபடியே ஸ்ட்ராப்பை இறுக்கி வைங்க, எழுந்தா உயரம் மாறக்கூடாது. கேபிளை ஸ்ட்ராப்புக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு சுத்து விட்டு அப்புறம் ஜாக்குல செருகுங்க. யாராவது கேபிளை மிதிச்சா இழுப்பு ஸ்ட்ராப்புல முடியும், ஜாக்குக்குப் போகாது.

புதுவிரல் #18

டவல் போட்டுக் காய்ஞ்சாச்சு. ஷாலர் வாங்கி, கூடுதல் பலத்துக்காக 8 நம்பர் ஸ்க்ரூ போட்டேன். ஸ்க்ரூவோட தலை பட்டன் குழிக்குள்ள முழுசா இறங்கல, அரை மி.மீ. மேல நிக்குது. லாக் மாட்டினா பின் விழுற சத்தம் கேக்குது. இப்படியே விடலாமா?

தச்சன்பட்டறை #19

விடக்கூடாது தம்பி. பின் விழுவதற்கு அந்தக் குழியின் முழு ஆழமும் வேண்டும். தலை அரை மி.மீ. மேலே நின்றால் பின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும், சத்தமும் கேட்கும், ஆனால் பூட்டு பாதிதான். ஸ்க்ரூவைக் கழற்றி, மரைப் பக்கத்தை டிரில் சக்கில் மாட்டி மெதுவாக ஓடவிட்டு, தலையின் ஓரத்தை அரத்தால் தேய்த்துக் குறையுங்கள், ஸ்டார் பள்ளம் கெடாமல். அல்லது லாக்கோடு வந்த ஸ்க்ரூவையே போட்டுவிடுங்கள். இப்போது அது இறங்கப்போவது பீச் மரத்தில், 8 நம்பர் தேவையில்லை. 8 நம்பர் போட்ட துளை அதற்குப் பெரிதாகிவிட்டதால், இந்தத் தடவை பல்குச்சியும் பசையும் போதும், ஒரு நாள் காயவிட்டு 2.5 மி.மீ. பிட்டில் மறுபடி துளை போடுங்கள். மாட்டியபின் மெத்தையின் மேல் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.